எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரி: வெஸ்ட் ஆரஞ்ச் ஆய்வகச் சோதனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமஸ் ஆல்வா எடிசன் 1899 வாக்கில் புது வகை பேட்டரி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தார். எழுந்திருக்கப் பத்து வருடம் ஆனது. நடுவில் ஒரு தடவை முடிந்துவிட்டது என்று நினைத்து விற்பனைக்கே கொண்டுவந்து, கையைச் சுட்டுக்கொண்டு திரும்ப ஆய்வகத்துக்குள் போனார். அந்தப் பத்து வருடத்தைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில்.

“நான் தோற்கவில்லை, வேலைக்கு ஆகாத பத்தாயிரம் வழிகளைக் கண்டுபிடித்தேன்” என்று பல்பைப் பற்றித்தானே எடிசன் சொன்னார்?

வாட்ஸ்அப்பில் காலை வணக்கத்தோடு வரும் படங்கள் அப்படித்தான் சொல்கின்றன. ஆனால் இந்த வாசகத்துக்கு ஆதாரமாகக் காட்டத்தக்க பழைய சாட்சியம் பேட்டரி வேலையைப் பற்றியது. எடிசனோடு நெடுங்காலம் தொழில் செய்தவர் வால்டர் மாலரி. 1910-ல் வெளிவந்த எடிசனின் வாழ்க்கை வரலாற்றில் அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது.

ஐந்து மாதத்துக்கும் மேலாக, வாரத்தில் ஏழு நாளும் வேலை நடந்துகொண்டிருந்த சமயத்தில் மாலரி ஆய்வகத்துக்குப் போகிறார். மூன்றடி அகலம், பன்னிரண்டு பதினைந்தடி நீளத்தில் ஒரு மேசை. அதன்மேல் நூற்றுக்கணக்கில் குட்டிக் குட்டிச் சோதனை செல்கள். அதன் முன்னால் எடிசன், அளப்பதும் கணக்குப் போடுவதுமாக இருக்கிறார். 9,000 சோதனைக்கு மேல் ஆகியும் உருப்படியாக ஒன்றும் தேறவில்லை என்று தெரிந்ததும், இவ்வளவு உழைத்தும் பலன் கிடைக்கவில்லையே என்று மாலரி வருத்தப்படுகிறார். எடிசன் சட்டென்று திரும்பிச் சிரிக்கிறார். பலனா, எக்கச்சக்கமாகக் கிடைத்திருக்கிறதே, எதெல்லாம் உதவாது என்று பல ஆயிரம் விஷயம் இப்போது எனக்குத் தெரியுமே என்கிறார்.

போகப்போக 9,000 என்பது 10,000 ஆனது, பேட்டரி பல்பு ஆனது. மேடைப் பேச்சுக்குப் பல்புதான் வசதி, சுவிட்சைப் போட்டதும் கதை முடிந்துவிடும். பேட்டரி அப்படிச் சட்டென்று முடிகிற சமாச்சாரம் இல்லை.

ஈய-ஆசிட் பேட்டரிதான் ஏற்கெனவே இருந்ததே, பிறகு எதற்கு இன்னொன்று?

இருந்தது. பிரான்சில் காஸ்தோன் பிளான்தே 1859-ல் செய்தது. இன்று உங்கள் வீட்டு இன்வெர்ட்டரின் கீழ் இருப்பதும் அதன் வாரிசுதான். ஆனால் 1900 வாக்கில் அதை வண்டியில் வைத்து ஓட்டியவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஈயம் கனம். கந்தக அமிலம் சுற்றியுள்ள இரும்பையும் மரத்தையும் அரிக்கும். கல்லும் குழியுமான சாலையில் பிளேட்டிலிருந்து மருந்து (மின்சாரத்தைச் சேமிக்கும் வேதிப்பொருள்) உதிர்ந்து அடியில் படியும். சார்ஜ் இறங்கிய நிலையில் நாள்கணக்கில் விட்டால் பிளேட்டில் வெள்ளைப் படிவம் ஏறி செல் வீணாகும்.

நியூயார்க் தெருக்களில் அப்போது மின்சார வண்டிகள் நிறையவே ஓடின. பெட்ரோல், நீராவி, மின்சாரம் மூன்றில் எது ஜெயிக்கும் என்று யாருக்கும் தெரியாத காலம். நல்ல பேட்டரி ஒன்று கிடைத்தால் மின்சாரம்தான் ஜெயிக்கும் என்று எடிசன் கணக்குப் போட்டார். ஈயம் வேண்டாம், அமிலமும் வேண்டாம் என்பது அவருடைய முதல் நிபந்தனை.

எடிசனுக்கு பேட்டரி மேல் ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இருந்ததா?

துளிகூட இல்லை. 1883-ல் பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டியில், சேமிப்பு பேட்டரி என்பது பங்கு விற்று ஜனங்களை ஏமாற்றும் வித்தை என்றும், அதில் கை வைத்த மனுஷனுக்குள் ஒளிந்திருக்கும் பொய் சொல்லும் திறமை வெளியே வந்துவிடும் என்றும் போட்டுத் தாக்கினார். அந்த வாக்கு இருபது வருடம் கழித்து அவரையே கொஞ்சம் உரசிப் பார்த்தது. 1901-லிருந்து ஒவ்வொரு வருடமும் பத்திரிகைக்காரர்களிடம் அவர் கொடுத்த பேட்டரி வாக்குறுதிகளை வரிசையாகப் படித்தால் சிரிப்பு வரும்.

ஆய்வகத்தில் ஒரு சோதனை எப்படி நடந்தது?

நியூ ஜெர்சியின் வெஸ்ட் ஆரஞ்சில் 1887-ல் திறந்த ஆய்வகம் அது. மூன்று மாடிப் பிரதானக் கட்டடம், பக்கத்திலேயே வேதியியலுக்கு என்று தனிக் கட்டடம், பட்டறை, நூலகம் எல்லாம் ஒரே வளாகத்தில். எடிசனுக்குக் காது மந்தம். சத்தம் அவரைத் தொந்தரவு செய்யவில்லை, ராத்திரியும் பகலும் ஒன்றுதான்.

முழு அளவு பேட்டரி எதையும் முதலில் செய்யவில்லை. சோதிக்க வேண்டிய பொருளில் கொஞ்சம் எடுத்து, துளையிட்ட சின்ன உலோகப் பையில் அடைத்து, பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசல் உள்ள பாத்திரத்தில் எதிர் முனையோடு இறக்குவார்கள். தெரிந்த அளவு கரண்ட்டில் சார்ஜ், பிறகு தெரிந்த அளவு கரண்ட்டில் டிஸ்சார்ஜ். குறித்த நேரத்துக்கு ஒருமுறை வோல்ட்டேஜைக் குறிப்பார்கள். எவ்வளவு நேரம் தாங்கியது என்பதிலிருந்து ஆம்பியர்-அவர், அதாவது செல் எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்ற கணக்கு வரும். மறுபடி சார்ஜ், மறுபடி டிஸ்சார்ஜ். ஒவ்வொரு கலவைக்கும் ஒரு எண், ஒரு தாள்.

கேட்க எளிமையாக இருக்கும். தொல்லை என்னவென்றால், பத்தாவது சுற்றில் பிரமாதமாக இருக்கும் செல் நூறாவது சுற்றில் பாதியாகப் படுத்துவிடும். பல்பு இழை சரியா தப்பா என்பதை ஒரு ராத்திரியில் ஓரளவு சொல்லிவிடலாம். பேட்டரியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல மாதங்கள் ஆகும், சில சமயம் வருடங்கள். எடிசனின் ஆட்களுக்குச் சார்ஜ் ஏற்றும் வேகத்தைக் கூட்ட முடிந்தது. பழுது வெளியே தெரியும் வேகத்தைக் கூட்ட வழி இல்லை. என்னைக் கேட்டால் இந்தக் கதையின் முடிச்சு முழுவதும் இதில்தான் இருக்கிறது. 9,000 என்ற எண்ணிக்கையை எல்லோரும் பேசுகிறோம், ஒவ்வொன்றுக்கும் காத்திருந்த காலத்தை யாரும் பேசுவதில்லை.

மொத்தம் எத்தனை சோதனை?

மாலரி சொன்ன 9,000 ஒரு கட்டத்தின் கணக்கு மட்டும். சோதனை செய்தவர்களில் முக்கியமான ஒருவர் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்: ஒன்றில் தொடங்கிப் பத்தாயிரம் வரை எண் போடுவோம், திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பித்துப் பத்தாயிரம், இப்படிப் பல வரிசை போனது, எத்தனை என்று விட்டுப்போயிற்று, ஐம்பதாயிரத்துக்குப் பக்கம் இருக்கும். ஆக எண்ணியவர்களுக்கே கணக்கு தப்பியிருக்கிறது. துல்லியமான எண் என்று யாராவது சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள்.

நிக்கலும் இரும்பும் என்று எப்படி முடிவு செய்தார்?

தட்டித் தடவித்தான். 1900 அக்டோபரில் விண்ணப்பித்த ஆரம்பக் காப்புரிமையில் காட்மியமும் செம்பு ஆக்சைடும்தான் இருந்தன. பிறகு காட்மியத்தின் இடத்துக்கு இரும்பு, செம்பின் இடத்துக்கு நிக்கல் ஹைட்ராக்சைடு வந்தது. 1901-ல் எடிசனிடம் முன்பு உதவியாளராக இருந்த ஆர்தர் கென்னலி அமெரிக்க மின்பொறியாளர் சங்கத்தில் இந்தப் புது செல்லை அறிமுகப்படுத்திக் கட்டுரை வாசித்தார். ஒரு பவுண்டு எடைக்கு 14 வாட்-அவர் மின்சக்தி சேமிக்கும் என்று அதில் சொன்னது அன்றைய ஈய பேட்டரிக்காரர்களின் வயிற்றில் புளியைக் கரைத்தது.

வேதியியல் சுருக்கமாக: சார்ஜ் ஏறிய நிலையில் பாசிட்டிவில் நிக்கலின் உயர் ஆக்சைடு, நெகட்டிவில் நுண்ணிய இரும்புத் தூள். டிஸ்சார்ஜ் ஆகும்போது இரும்பு ஹைட்ராக்சைடாகிறது, நிக்கல் ஒரு படி கீழே இறங்குகிறது. நடுவில் இருக்கும் பொட்டாஷ் கரைசல் தரகர் மட்டும்தான், அது செலவாவதில்லை. செல்லுக்குச் சராசரி 1.2 வோல்ட். ஈயத்தில் 2 வோல்ட். அதனால் 12 வோல்ட் வேண்டுமென்றால் ஈயத்தில் 6 செல் போதும், இதில் 10 வேண்டும்.

அப்படியானால் ஹைட்ரோமீட்டர் வைத்து சார்ஜ் பார்க்க முடியாதா?

முடியாது. ஈய பேட்டரியில் அமிலமே வேதிவினையில் கலந்துகொள்வதால் அதன் அடர்த்தி ஏறி இறங்கும், ஹைட்ரோமீட்டர் அதைக் காட்டும். இங்கே கரைசல் மாறாமல் இருப்பதால் மீட்டர் எப்போது விட்டாலும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கும். லோடு கொடுத்து வோல்ட்டேஜ் பார்ப்பதும், எவ்வளவு ஏற்றினோம் எவ்வளவு எடுத்தோம் என்று கணக்கு வைப்பதும்தான் வழி. கரைசலின் அடர்த்தி ஒரு விஷயத்துக்கு உதவும்: காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிப் பொட்டாஷ் கெட்டுக்கொண்டே வரும், எப்போது மாற்ற வேண்டும் என்று தெரிந்துகொள்ளலாம். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றும் வேலை இதிலும் உண்டு, இன்னும் அதிகமாகவே.

1903-லேயே விற்பனைக்கு வந்ததே, ஏன் நிறுத்தினார்?

ஈ டைப் என்ற அந்த செல்லை 1903-04-ல் விற்றார்கள். வாங்கியவர்கள் சந்தோஷமாகத்தான் ஓட்டினார்கள், கொஞ்ச நாள். பிறகு இரண்டு புகார் வர ஆரம்பித்தது. ஒன்று, எஃகுப் பெட்டியின் பற்றவைத்த ஓரங்களில் பொட்டாஷ் கசிவு. இது பட்டறைப் பிரச்சினை, பின்னால் ஓரங்களை உருக்கி ஒட்டும் வெல்டிங்கில் தீர்ந்தது.

இரண்டாவதுதான் வினை. பாசிட்டிவ் பக்கத்தில் கொள்திறன் குறைந்துகொண்டே போனது. நிக்கல் ஹைட்ராக்சைடு மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, அதனால் அதோடு கிராஃபைட் துகள்களைக் கலந்து தட்டையான பைகளில் அடைத்திருந்தார்கள். சார்ஜ் ஏறி இறங்கும்போதெல்லாம் மருந்து உப்பிச் சுருங்கும். தட்டையான பை வயிறு தள்ளும். உள்ளே கிராஃபைட்டுக்கும் நிக்கலுக்கும் தொடர்பு அறுந்துவிடும். மருந்து அங்கேயே இருக்கும், கரண்ட் மட்டும் வந்து சேராது.

1904 கடைசியில் உற்பத்தியை நிறுத்தினார். விற்ற செல்களைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் அறிவித்தார். வேடிக்கை என்னவென்றால், குறைபாடு உள்ள அதே செல்லே போதும், இன்னும் கொடுங்கள் என்று கேட்ட வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். எடிசன் கொடுக்கவில்லை. அதை அவருடைய நேர்மைக்குச் சான்றாகச் சொல்வார்கள், சரிதான். ஆனால் வருடக்கணக்கில் ஓட்டிப் பார்க்க வேண்டிய பொருளை அவசரப்பட்டுக் கடைக்கு அனுப்பியதும் அதே எடிசன்தான்.

மாடி ஜன்னலிலிருந்து பேட்டரியைத் தூக்கிப் போட்டுச் சோதித்தார்கள் என்பது உண்மையா?

வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப வரும் சம்பவம்தான்: இரண்டாம் மாடி, மூன்றாம் மாடி என்று ஏற்றிக் கீழே போட்டு, உடைகிறதா என்று பார்ப்பது. அதைவிட உபயோகமானது இன்னொரு சோதனை. செல்லை அரை அங்குலம் தூக்கித் தொப்பென்று விடும் எந்திரம் ஒன்று. லட்சக்கணக்கான தடவை இப்படித் தூக்கிப் போட்டார்கள். சாலைக் குழியில் வண்டிச் சக்கரம் விழுவதற்கு இது ஈடு. மோட்டார் வண்டிகளில் ஏற்றி நியூ ஜெர்சியின் மோசமான சாலைகளில் ஓட்டுவதும் தனியாக நடந்தது.

கிராஃபைட் பிரச்சினையை எப்படித் தீர்த்தார்?

இதுதான் எனக்கு மிகப் பிடித்த பகுதி, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

கிராஃபைட்டுக்குப் பதில் நிக்கலையே மிக மெல்லிய செதிலாகப் போடுவது என்று முடிவாயிற்று. எவ்வளவு மெல்லிசு? ஓர் அங்குலத்தில் ஒரு லட்சத்தில் நான்கு பங்கு, அதாவது ஒரு மைக்ரான். சுத்தியலால் அடித்து வராது. ஒரு உலோக உருளையை முதலில் செம்பு முலாம் தொட்டியில் முக்கினார்கள், கழுவி நிக்கல் தொட்டியில், பிறகு மறுபடி செம்பு, மறுபடி நிக்கல். இப்படி மாறி மாறி ஒவ்வொன்றிலும் 125 அடுக்கு. கடைசியில் உரித்தெடுத்தால் விசிட்டிங் கார்டு கனத்தில் ஒரு தகடு. அதை ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு சதுரங்களாக வெட்டி, செம்பை மட்டும் கரைக்கும் கரைசலில் போட்டார்கள். செம்பு கரைந்துபோக, நிக்கல் செதில்கள் பிரிந்து மிதக்கும். கரைந்த செம்பைத் திரும்ப மீட்கலாம்.

அடுத்து அடைப்பது. தட்டைப் பையைக் கைவிட்டு, கால் அங்குல விட்டம், நான்கு அங்குலத்துக்குச் சற்று அதிக நீளமுள்ள குழாய். பொடித் துளைகள் நிறைந்த, நிக்கல் முலாம் பூசிய எஃகு. அதற்குள் ஒரு அடுக்கு நிக்கல் ஹைட்ராக்சைடு, ஒரு அடுக்கு செதில் என்று மாற்றி மாற்றி 600-க்கும் மேற்பட்ட அடுக்குகள், எந்திரத்தால் இடித்து இறுக்கியது. குழாய் உப்பாமல் இருக்க வெளியே எட்டு எஃகு வளையம். இப்படி 30 குழாய் சேர்ந்தால் ஒரு பாசிட்டிவ் பிளேட். ஏ-4 என்ற செல்லில் அப்படி நான்கு பிளேட், அதாவது 120 குழாய். 30 ஆம்பியரில் ஐந்து மணி நேரம் ஓடி 150 ஆம்பியர்-அவர் தரும். இந்த ஏ டைப் 1909-ல் விற்பனைக்கு வந்தது.

ஒரு செல்லுக்குள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குகள். விலை ஏன் ஈய பேட்டரியைவிடப் பல மடங்கு என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

லித்தியமும் சேர்த்தாராமே? அப்படியென்றால் அது லித்தியம் பேட்டரியா?

இல்லை. பொட்டாஷ் கரைசலில் கொஞ்சம் லித்தியம் ஹைட்ராக்சைடு கலந்தால் கொள்திறன் ஏறுகிறது, நீண்ட நாள் தாங்குகிறது என்று சோதனையில் தெரியவந்தது. காரணம் முழுவதும் புரிந்து செய்ததல்ல, பலன் தெரிந்து செய்தது. இரும்புப் பக்கத்தில் கொஞ்சம் பாதரச ஆக்சைடு சேர்த்ததும் இதே கதை. இன்றைய கைபேசியில் இருக்கும் லித்தியம்-அயான் செல்லுக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை.

இதைக் கண்டுபிடித்தது எடிசன் மட்டும்தானா?

ஸ்வீடனில் வால்டமார் யுங்னர் அதே காலத்தில், தனியாக, நிக்கலும் பொட்டாஷும் கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். 1899-ல் நிக்கல்-காட்மியம் செல்லைக் கொண்டுவந்தவர் அவர், இரும்பையும் முயன்று பார்த்தவர். இருவருக்கும் காப்புரிமைச் சண்டை பலமாக நடந்தது. பணபலம் எடிசன் பக்கம். ஆனால் பிற்காலத்தில் அதிக இடங்களில் ஓடியது யுங்னரின் நிக்கல்-காட்மியம்தான்.

நிக்கலுக்கு எங்கே போனார்?

கனடாவின் சட்பரிக்கு 1901-ல் அவரே நேரில் போய்த் தேடினார். பால்கன்பிரிட்ஜ் என்ற இடத்தில் குழி தோண்டியபோது புதைமணல் குறுக்கிட்டது, விட்டுவிட்டு வந்தார். பின்னாளில் அங்கேதான் பெரிய நிக்கல் சுரங்கம் வந்தது.

இவ்வளவு பாடுபட்டும் காரில் ஏன் ஜெயிக்கவில்லை?

1909-ல் சரக்கு தயாரானபோது சந்தை கைமாறிக்கொண்டிருந்தது. ஃபோர்டின் மாடல் டி அதற்கு முந்தைய வருடம் வந்துவிட்டது. 1912 மாடல் காடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்ததும், கையால் சுழற்றிப் பெட்ரோல் வண்டியைக் கிளப்பும் தொல்லை ஒழிந்தது. மின்சாரக் காரின் பெரிய கவர்ச்சியே அந்தத் தொல்லை இல்லாததுதான்.

எடிசனின் நண்பரான ஹென்றி ஃபோர்டு இந்த பேட்டரியை ஸ்டார்ட்டருக்குப் பயன்படுத்த விரும்பினார், பெரிய தொகை கடனும் கொடுத்தார். சரிப்பட்டு வரவில்லை. ஸ்டார்ட்டருக்கு ஒரு நொடியில் அள்ளிக் கொடுக்கும் கரண்ட் வேண்டும். நிக்கல்-இரும்பு செல்லின் உள்தடை அதிகம், அதனால் நிதானமாகத்தான் கொடுக்கும், உறைபனிக் குளிரில் இன்னும் சுணங்கும். 1914-ல் பேசப்பட்ட ஃபோர்டு-எடிசன் மின்சாரக் காரும் சந்தைக்கு வரவில்லை.

நீர்மூழ்கிக் கப்பல் விபத்து ஒன்று சொல்கிறார்களே?

அமெரிக்கக் கடற்படையின் ஈ-2. ஈய பேட்டரியில் கடல்நீர் புகுந்தால் குளோரின் வாயு வரும், மாலுமிகளுக்கு எமன். எடிசன் செல்லில் அமிலம் இல்லாததால் அந்த ஆபத்து இல்லை என்று பொருத்திப் பார்த்தார்கள். ஆனால் இது ஹைட்ரஜனைத் தாராளமாக வெளியிடும் ரகம். 1916 ஜனவரி 15 அன்று நியூயார்க் கடற்படைத் தளத்தில் பழுதுபார்ப்பில் இருந்தபோது உள்ளே ஹைட்ரஜன் சேர்ந்து வெடித்து ஐந்து பேர் இறந்தார்கள். ஆய்வகத்தில் செல்லை எவ்வளவோ உதைத்தும் எறிந்தும் பார்த்திருந்தார்கள். மூடிய கப்பலுக்குள் வாயு எங்கே போய்ச் சேரும் என்பது மேசைமேல் தெரியாத விஷயம்.

பிறகு எங்கேதான் ஓடியது?

சரக்கு வண்டிகள், ரயில் பெட்டி விளக்குகள், ரயில்வே சிக்னல், சுரங்கத் தொழிலாளர் தலைவிளக்கு. அடி உதை தாங்க வேண்டும், கவனிப்பு குறைவாக இருக்கும், ஆனால் பல வருடம் உழைக்க வேண்டும் என்ற இடங்கள். எடிசனுக்கு அதில் நல்ல பணமும் வந்தது. அவர் 1931-ல் இறந்த பிறகும் நிறுவனம் நெடுங்காலம் ஓடி, 1972-ல் எக்ஸைட் கைக்குப் போனது. 1975-ல் உற்பத்தி நின்றது.

இன்று இதை வீட்டுச் சோலாருக்குப் போடலாமா?

சில நாடுகளில் இன்றும் நிக்கல்-இரும்பு செல் தயாரிக்கிறார்கள், சோலார் ஆர்வலர்கள் வாங்குகிறார்கள். பத்துப் பதினைந்து வருடம் மாற்ற வேண்டாம் என்பது கவர்ச்சி. ஆனால் 100 யூனிட் ஏற்றினால் 60-65 யூனிட்தான் திரும்பக் கிடைக்கும், சும்மா வைத்தாலும் சார்ஜ் வேகமாக இறங்கும், டிஸ்டில்ட் வாட்டர் கேன் கையோடு இருக்க வேண்டும். காற்றோட்டம் இல்லாத அறையில் வைக்கவே கூடாது. இடம் தாராளம், பொறுமையும் தாராளம் என்றால் யோசிக்கலாம்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஃபோக்கோ முல்டரின் குழு இதைத் தலைகீழாகப் பார்த்திருக்கிறது. சார்ஜ் நிறைந்த பிறகும் கரண்ட் கொடுத்துக்கொண்டே இருந்தால் செல் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் தருகிறது, அதையே சேகரித்து எரிபொருளாக்கலாம் என்று 2017-ல் காட்டினார்கள். பேட்டரியும் ஹைட்ரஜன் ஆலையும் ஒரே பெட்டியில் என்பது அவர்கள் திட்டம்.